தங்கச்சி வீட்டு வாசக்காலும் என் சதுரத் துளைகளும்

மதகடிப்பட்டில் இருக்கும் எங்கள் தச்சுப் பட்டறைக்குச் சதுரத் துளை போடும் மெஷின் வந்த பிறகு, தோள்வலி குறைந்தது, கவலை கூடியது.

வட்டமாகச் சுற்றுகிற ட்ரில் சதுரமாக எப்படித் துளை போடும் என்று கேட்காத ஆளில்லை. ட்ரில் பிட்டைச் சுற்றி ஒரு சதுர இரும்புக் கூடு இருக்கும். அதன் விளிம்பு உளி மாதிரி கூராக இருக்கும். நடுவில் பிட் குடைந்துகொண்டே போக, மூலைகளைக் கூடு செதுக்கிக்கொண்டே இறங்கும். உளியும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியுமாக அரை நாள் தட்டுகிற வேலை டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இவ்வளவு சுலபமாக முடிந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்குமே என்பதுதான் என் பயம்.

அந்தச் சமயம் பார்த்துக் குருவிநத்தத்தில் என் தங்கச்சி வீடு கட்டினாள். மாப்பிள்ளை இரும்பு நிலை வாங்கலாம் என்றார். அவள் மாமியாருக்கும் அதே எண்ணம். "எங்கண்ணன் வேங்கை மரத்துல செஞ்சு தரும்" என்று இவள் ஒற்றை ஆளாக நின்று ஜெயித்துவிட்டாள். வாசக்கால் ஆடினால் எனக்கு ஒரு நாள் அவமானம். அவளோ அந்த வாசலில்தான் தினமும் நுழைய வேண்டும்.

அதனால் நிலையைப் பட்டறையிலேயே பூட்டிப் பார்த்தேன். மேல்கட்டையின் துளைக்குள் நிலைக்காலின் நுனியில் செதுக்கிய நாக்கு கச்சிதமாக இறங்கியது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டேப்பில் இருக்கும் கணக்கைவிடக் கை சொல்வதைத்தான் நம்புவேன். கழற்றினேன், மறுபடி பூட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தரம். கொஞ்சம் இறுக்கமோ என்று உளியால் ஒரு சீவல். ராத்திரி படுக்கப் போகுமுன் இன்னும் ஒன்று.

"இன்னாங்க, அது வாசக்காலா, தீப்பெட்டியா? சும்மா தொறந்து தொறந்து மூடினே கீறீங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலை குட்டியானை வண்டியில் கட்டைகளைத் தனித்தனியாக ஏற்றிக்கொண்டு போனோம். தங்கச்சி நிலையில் பூச மஞ்சளைக் குழைத்து வைத்துக் காத்திருந்தாள். வாசலில் மாவிலை, பூ, தேங்காய். நல்ல நேரம் தொடங்கியதும் கட்டைகளைக் கீழே கிடத்திப் பூட்டினேன். அடிக்க ஓங்கிய கொட்டாப்புளிக்கு வேலையே இல்லை. நாக்கு தானாக உள்ளே வழுக்கிப் போனது. மாப்பிள்ளை ஒரு விரலால் தள்ளினார். நிலை, கால் தளர்ந்த பழைய கட்டில் மாதிரி ஆடியது.

"இன்னா மச்சான், வாசக்கால் கேட்டா ஊஞ்சல் செஞ்சினு வந்துட்ட?"

மாமியார் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் மஞ்சள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனார் செல்போனில் மணி பார்த்து, "சீக்கிரம்பா, நேரம் போவுது" என்றார்.

மெஷின் தப்பு செய்யவில்லை. பூட்டிப் பூட்டிப் பார்த்து நான்தான் துளையைத் தளர்த்திவிட்டேன்.

என் பையில் மூன்று சைஸ் உளி, ஆணி, வயிற்றுவலி மாத்திரை, குடை எல்லாம் இருந்தன. ஆப்பு மட்டும் இல்லை. சுற்றிப் பார்த்தேன். சுவருக்குள் பதிவதற்காக மேல்கட்டை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ள, இது மேல குந்து."

"புது வேட்டிடா மச்சான்!"

"குந்துய்யா!"

கட்டை நகராமல் அவர் அழுத்திக் குந்தினார். நீட்டிய முனைகளில் கொஞ்சம் அறுத்து, அதே வேங்கையில் மெல்லிய ஆப்புகள் சீவினேன். நிலையைக் கழற்றி, ஒவ்வொரு நாக்கின் நுனியையும் ரம்பத்தால் லேசாகப் பிளந்து, மறுபடி பூட்டி, துளையின் மறுபக்கம் தெரிந்த பிளவில் ஆப்பை வைத்து அடித்தேன். அடிக்க அடிக்க நாக்கு விரிந்து துளையை அடைத்தது. சத்தம் மாறியது. தொப் தொப்பென்று கேட்டதெல்லாம் இப்போது டங் டங் என்று ஆனது.

நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். மாப்பிள்ளை விரலால் தள்ளிப் பார்த்தார், பிறகு தோளை வைத்துத் தள்ளினார். அசையவில்லை.

"அப்ப சரி, பூசும்மா" என்றார் மாமியார்.

எனக்குத்தான் மனது கேட்கவில்லை. வலது பக்க மூலையை ஒரே ஒரு தரம் அசைத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். மஞ்சள் கையாலேயே தங்கச்சி பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"தொட்ட, அவ்ளோதான்! போய் சாப்புடு போ."

அவளுடைய ஐந்து விரலும் மணிக்கட்டில் பதிந்த கையோடுதான் கேசரி சாப்பிட்டேன்.