அவரைச் செடியைத் தின்ற கதாநாயகி

கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஷோபாவுக்குச் சின்ன வயதில் டிவியில் செய்தி வாசிக்க ஆசை. அது நடக்கவில்லை; குரல் மட்டும் தங்கிவிட்டது. ஒளிச்சேர்க்கையைக்கூட மந்திரிசபை கலைந்த செய்திபோல்தான் அறிவிப்பாள்.

பள்ளிக்கு டேப்லெட்டுகள் வந்தபோது, பிள்ளைகளே குழுவாகச் சேர்ந்து பாடத்தை வீடியோவாக எடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எடுத்தார்கள். எழுதியது ஷோபா, பேசியது ஷோபா. பிள்ளைகள் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த முறை, அவரை விதை முளைப்பது. முற்றத்தில் தொட்டியை வைத்து, எதிர் ஜன்னலில் டேப்லெட்டைப் பொருத்தினார்கள். அது விட்டு விட்டுப் படம் எடுக்கும். சேர்த்து ஓட்டினால் செடி மளமளவென்று வளரும். வீடியோவைப் பார்க்கக் கோலாரிலிருந்து கல்வி அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் மதியம் ஓட்டிப் பார்த்தார்கள். முளை நிமிர்ந்தது, இலை விட்டது. திடீரென்று திரை முழுக்க ஒரு தாடி. அடுத்த படத்தில் வெறும் மண்.

வகுப்பே உருண்டு சிரித்தது. ஷோபாவுக்கு அழுகை முட்டியது.

"மிஸ், அந்த ஆடு காம்பவுண்ட் ஓரமாத்தான் படுத்துனு கீது," என்றாள் பவ்யா. "ஒண்ணும் திங்கல, ஆனா மென்னுகினே கீது. எப்படி மிஸ்?"

ஷோபா தொண்டையைச் செருமினாள்.

"மிஸ், இத நானே சொல்றேனே. நீங்க புடிங்க," என்று சரத் டேப்லெட்டை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

ஆட்டின் பக்கத்தில் குந்திக்கொண்டு பேசினான்: "நம்ம ஆளுங்க ட்ரெயினுக்கு ஓடறப்போ இட்லி முழுங்கற மாதிரி, இது அவசரமா முழுங்கிடும். வயித்துல நாலு ரூம் கீது. மொத ரூம்ல ஊறினத திரும்ப வாய்க்குக் கொண்ணாந்து நிதானமா மெல்லும்."

ஷோபா உதட்டைக் கடித்துக்கொண்டு படம் பிடித்தாள்.

ஆட்டைத் தேடி வந்த மங்கம்மா கத்தினாள்: "இன்னா டீச்சரம்மா, என் ஆட்ட வீடியோ எடுக்கிறீங்களா? இருங்க, மூஞ்சி தொடச்சி வுடறேன்!" முந்தானையால் அவள் துடைத்ததும் பதிவாகிவிட்டது.

மறுநாள் ஆட்டு வீடியோவைப் பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, முதல் ரூமில் என்னதான் நடக்கிறது என்று கன்னடத்தில் கேட்டார். ஷோபாவின் வாய் திறந்தது; இழுத்து மூடிக்கொண்டாள். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் உடைக்கும் என்று பவ்யா கன்னடத்திலேயே சொன்னாள்.

"சரி, செடி வளர்ற வீடியோ எங்கே?"

"ஆட்டு வயித்துல கீது சார்," என்றான் சரத்.

அன்று சாயங்காலம் புது விதை ஊன்றினார்கள். அதற்கு யார் பேசுவது என்று பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. ஷோபா டீ குடிக்கப் போய்விட்டாள்.