ஏற்ற ஊரே வரும், இறக்க நாங்கள் இருவர்

விளக்கை உயரத்தில் ஏற்றும்போது ஊரே கூடி நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்தும், இறக்கும்போது ஒரு காக்கையும் கிட்ட வராது என்பதுதான் காஸ் லைற் தொழிலின் முதற் பாடம்.

உங்களில் எத்தனை பேர் அந்தக் காஸ் லைற்றோடு மாரடித்தவர்களோ தெரியாது. மாரடித்தவர்கள் இதை வாசிக்கும்போதே கையை முகர்ந்து பார்ப்பீர்கள், மண்ணெண்ணெய் மணம் இன்னும் போயிராது. கரண்ட் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் வதந்தியாக இருந்த முப்பதுகளில் கலியாணம், திருவிழா, சந்தை எல்லாவற்றுக்கும் அந்த விளக்குத்தான். சுடர் எரிவது மெண்டில் என்ற துணிக்கூட்டில். எரிந்தபின் அது வெறும் சாம்பல், ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். மணிக்கொரு தரம் காற்றும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு முனகத் தொடங்கிவிடும். இப்படிப்பட்ட சீவனைப் பதினைந்தடி உயரத்தில் தூக்கி மாட்டிவிட்டு மணிக்கொரு தரம் ஏணி வைத்து ஏறினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

நாங்கள் இரண்டு பேர் கூட்டு. ஏறுவது கந்தையா அண்ணை. கீழே நின்று யோசிப்பது நான். அதற்கு முன் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தபடியால் எனக்கு எதைப் பார்த்தாலும் கழற்றிப் பூட்டத் தோன்றும்.

ஏணி சும்மா நின்ற கதை

ஒரு பிள்ளையார் கோயில் திருவிழா. வாசலில் நின்ற புளியமரத்தில் விளக்கு. பொழுதுபட்டதும் கந்தையா அண்ணை ஏணியால் ஏறி, கொப்பில் காலை மடித்துக் குந்தியிருந்து, வடிவாகக் காற்றடித்தார். அந்த இரண்டு நிமிடத்துக்குள் தோரணம் கட்ட வந்த செல்லையர் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெற்கு வீதிக்குப் போய்விட்டார். நான் எங்கே போனேன் என்று கேட்காதீர்கள். மோதகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணை வேலையை முடித்துவிட்டு, பழக்கத்தில் திரும்பியும் பாராமல் ஏணி இருந்த இடத்தில் காலை வைத்தார். விளக்குக்கு ஒன்றும் நடக்கவில்லை. முறிவு வைத்தியர் மூன்று மாதம் பத்துப் போட்டுக் கட்டினார், எலும்பும் பொருந்தியது. ஆனால் இடது முழங்கால் அதன்பிறகு மடியவே இல்லை. நிலத்தில் நடப்பார், ஏணியில் முதற்படிக்கு மேல் போகமாட்டார். பார்க்க வந்த செல்லையர் கட்டிலடியில் நின்று உண்மையான மனவருத்தத்தோடு சொன்னார்:

"மேலை நிக்கிறன் எண்டு ஒரு சத்தம் போட்டிருக்கலாமே, கந்தையா. ஏணி சும்மா நிக்குதெண்டெல்லோ நான் எடுத்தனான்."

கட்டத் தெரிந்த மாடு

ஏற முடியாதவருக்கு இந்தத் தொழிலில் என்ன இடம்? அண்ணையின் மச்சான் புகையிலைத் தோட்டக்காரர். புகையிலைக்குப் புகை போடும் குடிலுக்குக் காவலாய் வந்திரு, சோறு போடுகிறேன் என்று சொல்லியனுப்பினார். நல்ல மனுசன், ஆனால் புத்திமதி சொல்லாமல் ஒரு பிடி சோறும் போடமாட்டார். "அவரின்ரை வீட்டிலை உப்புக் குறைவு, புத்தி கூட. என்னாலை ஏலாது, தம்பி" என்று அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மோதகத்துக்குப் போனவன் நான். அன்றே முடிவு செய்தேன், இனி ஆள் மேலே போவதில்லை, விளக்குக் கீழே வரும்.

முதற் பொறி, ஒரு கப்பியும் கயிறும். வாசிகசாலை முற்றத்துக் கம்பத்தில் பூட்டினோம். கயிற்றின் மற்ற நுனியைக் கம்பத்தின் அடியில், ஒரு சுண்டுச் சுண்டினால் அவிழும் முடிச்சாகப் போட்டேன். அந்த முடிச்சில் எனக்கு மிகுந்த பெருமை. வேலுப்பிள்ளையர் தோட்டத்தால் மாட்டைக் கொண்டுவரும் வழியில் பேப்பர் கேட்க வந்தார். கம்பத்தடியில் மிச்சமாகத் தொங்கிய கயிற்று நுனியைக் கண்டார், மாட்டின் கயிற்றை அதோடு முடிந்துவிட்டு கேட்பவர்களோடு போய் இருந்தார். மாடு ஒரு சுண்டுச் சுண்டியது. என் முடிச்சு நான் நினைத்தபடியே அவிழ்ந்தது.

அதன்பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது மாடுதான். அது வேலிப்பக்கம் போனால் விளக்கு மேலே போகும், கம்பத்தடிக்கு வந்தால் விளக்குக் கீழே வரும். முற்றத்தில் நின்று உரத்து வாசித்துக்கொண்டிருந்தவர் வெளிச்சம் போன பக்கமெல்லாம் பேப்பரைக் கொண்டுபோய், எழும்பியும் குந்தியும் ஒரு பக்கத்தை முடித்தார். நான் வேலுப்பிள்ளையரைப் பிடித்து நியாயம் கேட்டேன். அவர் அசையவில்லை.

"என்ரை மாட்டை நான் கட்டின முடிச்சு அவிழேல்லை, நீர் போட்ட முடிச்செல்லோ அவிழ்ந்தது. மாடு கட்டத் தெரியாத ஆள் விளக்குக் கட்டப்படாது."

மிதிக்க ஒருத்தன்

கயிறு வேண்டாம் என்று துலாவுக்குப் போனேன். கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற அதே துலாதான். ஒரு நுனியில் விளக்கு, மறு நுனியில் கல்லு. பாரம் சரிபார்த்துக் கட்டியிருந்தபடியால் ஒரு விரலால் தொட்டு இழுத்தால் விளக்குக் குழந்தை மாதிரி இறங்கிவரும். வலிகாமத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு, அவர்களின் பழைய துலாவையும் அதைத் தாங்கும் ஆடுகாலையும் பிடுங்கி முற்றத்தில் நாட்டினோம். இதில் ஏற ஒன்றுமில்லை, அவிழ ஒன்றுமில்லை. அண்ணை புதுச் சால்வை போட்டுக்கொண்டு வந்தார்.

பொழுதுபட்ட மைமல் நேரம் மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார். அண்ணை காற்றடிக்க விளக்கை மெல்ல இறக்கினார். பந்தலில் இருந்த இரண்டு தோட்டக்காரர் இதைக் கண்டார்கள். புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கும்போது ஒருவர் அள்ளுகிற பட்டையைப் பிடிப்பார், மற்றவர் துலாவின்மேல் நடந்து மிதிப்பார். பிறந்தது முதல் அவர்கள் கண்டது அதுதான். நொண்டிக் காலோடு ஒரு மனுசன் தனியே துலா இழுப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் ஆடுகாலால் துலாவில் ஏறிவிட்டார்கள். பதமாக இரண்டு எட்டு, விளக்குப் பக்கத்துக்கு.

விளக்கு வந்த வேகத்தில் மெண்டில் மாப்பிள்ளையின் தலைப்பாகையில் சாம்பலாய்ப் படிந்தது. மேளகாரருக்கு என்ன நடந்ததென்று தெரியாது, கெட்டிமேளம் என்று நினைத்து முழங்கினார்கள். பெண்ணின் தகப்பன் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் அண்ணாந்து பார்த்துக் கத்தினேன், என்னைவிடக் கோபமாக மேலிருந்து மறுமொழி வந்தது:

"துலாவெண்டால் மிதிக்க ஒருத்தன் வேணுமெல்லோ? ஆள் இல்லாமல் வந்திட்டு, உதவி செய்யிற எங்களிலை பாய்கிறீர்."

மச்சானின் யோசனை

இந்தச் செய்தி அண்ணைக்கு முன்னமே அண்ணையின் மச்சானிடம் போய்விட்டது. அடுத்த நாளே பட்டறைக்கு வந்தார். கப்பியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், நான் கரித்துண்டால் கீறி வைத்திருந்த படங்களைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் குடிலுக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று அண்ணைக்கு நினைவூட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"இறக்கிறதுக்கு இவ்வளவு பாடெண்டால், ஏன் காணும் ஏத்துறியள்?"

காற்றுக் குறைந்த செய்தி

அந்தக் கேள்வியின் ரோசத்தில் மூன்றாவது பொறி பிறந்தது. சைக்கிள் செயினும் பெடலும் பல்லுச் சில்லும் கொண்டு ஒரு சுழற்றி. பெட்டிக்குள் பூட்டு. மாடு தொடாது, மனிதர் ஏறமுடியாது. மயிலிட்டிக் கரையில் வள்ளச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியார், தன் வள்ளங்கள் கட்டுகிற இடத்துக்கு விளக்கு வேண்டுமென்றார். பூட்டினோம். பொழுதுபட வள்ளங்கள் கடலுக்குப் போயின. சிறிது நேரத்தில் விளக்கு மங்கியது. அண்ணை பெடலைச் சுற்றி இறக்கினார், அடித்தார், ஏற்றினார். சரிவரவில்லை. திரும்ப இறக்கி ஏற்றினார். மூன்றாம் தரம் விளக்கு நிலவு மாதிரி நின்று எரிந்தது. எங்கள் பொறி ஒருதரமும் சண்டித்தனம் பண்ணவில்லை. அண்ணை என் முதுகில் தட்டினார். நான் அழுதிருப்பேன், கடற்காற்றுக் கண்ணைக் காயவைத்துவிட்டது.

பிறகு பார்த்தால் போன வள்ளம் எல்லாம் திரும்பி வருகிறது. கரையில் விளக்கை மூன்று தரம் தாழ்த்தி உயர்த்தினால் 'வீட்டில் ஆபத்து, உடனே வா' என்று அர்த்தமாம். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாற்பது பேர் முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடிவந்து, "ஆருக்கு? என்ன நடந்தது?" என்று அண்ணையைச் சுற்றிக்கொண்டார்கள். அண்ணை உள்ளதைச் சொன்னார்: "ஒண்டுமில்லை, காத்துக் குறைஞ்சு போச்சு." அவர்கள் எங்களை அடிக்கவில்லை. அதைவிட மோசமாக, தேத்தண்ணி தந்தார்கள். நாளைக்கு விளக்கைக் கழற்றலாம் என்று சொன்ன சம்மாட்டியார், போகும்போது திரும்பி நின்று கேட்டார்:

"காத்துக் குறைஞ்சதைச் சொல்லவோ, தம்பி, எங்களைக் கூப்பிட்டனீங்கள்? அது கடலிலை நிண்ட எங்களுக்குத் தெரியாதோ?"

ஓவசியரும் ஒரு சொல்லும்

மிச்சம் இருந்தது ஒரே இடம். சாவகச்சேரிக்குப் போகிற வழியில் ஒரு சந்தை, பெயர் வேண்டாம். நாலு விளக்குக்கு நிரந்தரமாய் ஓர் ஆள் தேவை என்று சந்தைக்குப் பொறுப்பான ஓவசியர் தன் கையால் எழுதிய அறிவித்தல் வாசலில் ஒட்டியிருந்தது. 'ஏணியில் ஏற வல்லவராய் இருத்தல் வேண்டும்.' அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். "இதுவும் இல்லையெண்டால் நான் குடிலுக்குப் போறன், தம்பி" என்றார். பகிடியாய்ச் சொல்லவில்லை.

சந்தைக் கம்பம் ஒன்றில் எங்கள் சுழற்றியைப் பூட்டினோம். பின்னேரம், சந்தை கலைகிற நேரம், ஓவசியர் பார்வையிட வந்தார். அண்ணை பெடலைச் சுற்றினார். விளக்கு இறங்கியது, எரிந்தது, ஏறியது. மரக்கறி விற்ற பெண்கள் கடகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஓவசியரும் தலையாட்டினார். "வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் ஆள் ஏற வேணுமெண்டு போட்டிருக்கு. ஏறுங்கோ பாப்பம்." விளக்கே கீழே வரும்போது ஆள் ஏன் ஏற வேண்டும் என்று கேட்டேன். போட்டிருக்கு என்றார். அண்ணை வலக்காலை ஏணியின் முதற்படியில் வைத்தார். இடக்கால் நிலத்திலேயே நின்றது. அந்த மோதகம் எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

"இது என்ன பெரிய காரியம்?" என்று ஓவசியர் சப்பாத்தைக் கழற்றினார். விளக்கின் உயரத்தையும் அளக்க வேண்டியிருக்கிறதாம். அளவு நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு விறுவிறென்று உச்சிக்கு ஏறி, கீழே ஒருதரம் பார்த்தார். நாடா விழுந்தது. ஓவசியர் இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார், கண்ணை மூடிக்கொண்டார், வாயால் முருகன் பெயர் மட்டும் வந்தது. சந்தை முழுவதும் கூடிவிட்டது, ஆளுக்கொரு யோசனை. அண்ணை எல்லாரையும் விலக்கி, மடியாத காலை நிலத்தில் ஊன்றி, ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார். "ஐயா, கீழை பாக்காதேங்கோ. வலக்காலை மெல்ல விடுங்கோ. இன்னும் கொஞ்சம். ஓம், அது படிதான். பயப்படாதேங்கோ, என்ரை கையிலை இருந்து ஏணியை ஒருத்தரும் எடுக்கேலாது." ஒரு படிக்கு ஒரு வசனமாய்ப் பதினாறு படியும் இறக்கினார். ஓவசியரின் கால் நிலத்தில் பட்டபோது அண்ணையின் சட்டைதான் அதிகம் நனைந்திருந்தது.

ஓவசியர் சப்பாத்தைப் போட்டார், ஒரு செம்பு தண்ணீர் குடித்தார், அறிவித்தல் ஒட்டியிருந்த இடத்துக்கு நேரே போனார். பென்சிலை எடுத்து 'ஏற' என்ற சொல்லை வெட்டி, மேலே 'இறக்க' என்று எழுதினார். கந்தையா அண்ணையைப் பார்த்து, "நாளைக்கு வாருங்கோ" என்றார். கூட்டத்தில் நின்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எட்டிப் பார்த்து, 'ஏணியில் இறக்க வல்லவர்' என்பது இலக்கணப் பிழை, 'ஏணியிலிருந்து' என்று வரவேண்டும் என்றார். ஓவசியர் பென்சிலைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"இலக்கணம் பிழைச்சால் பிழைச்சிட்டுப் போகட்டும், மாஸ்டர். ஆள் பிழைச்சால் போதும்."

ஒரு விளக்கைக் கீழே இறக்க எனக்கு மூன்று பொறி தேவைப்பட்டது, ஒரு சட்டத்தைக் கீழே இறக்க அதை எழுதியவரை ஒரேயொரு தரம் மேலே ஏற்றியதே போதுமாயிருந்தது.