நாற்பத்தொரு விநாடித் தண்ணீர்

என் கைப்பேசியில் நாற்பத்தொரு விநாடி ஓடும் ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. முதலில் ஒரு குழாய் இருமுகிறது. அடைபட்டிருந்த காற்று வெளியேறியதும் தண்ணீர் தடுமாறி விழத் தொடங்கி, எவர்சில்வர் தொட்டியின் அடியில் மோதிச் சீராகிறது. சில காலடிகள். பிளாஸ்டிக் வாளியில் இரண்டாவது குழாய். மறுபடியும் காலடிகள், ஒரு தாழ்ப்பாள், பிறகு சிமெண்டுத் தரையில் விழும் மூன்றாவது குழாய். பின்னணியில் யார் வீட்டிலோ சமையல் நடக்கிறது. அந்நியர் கேட்டால் இதில் எதுவுமில்லை. கும்மிடிப்பூண்டியில் என் அத்தைக்கு இருந்த வீட்டில் இன்று என்னிடம் எஞ்சியிருப்பது இது மட்டுமே. அத்தைக்கு நான் செய்த துரோகமும் இதுவே.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் ஃபிட்டராக இருந்தார். இருவரும் வாடகை வீட்டில் குடியிருந்தபடியே இரயில் நிலையத்துக்கு அப்பால் ஒரு மனை வாங்கி அஸ்திவாரம் போட்டார்கள். அந்த ஆண்டே மாமா நோயில் இறந்துபோனார். செவிலியாக இருந்த அத்தை ஆறு வயது மகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனார். அங்கிருந்தபடியே, தொலைபேசியிலும் புகைப்படங்களிலும் பார்த்துப் பார்த்து, வீட்டைக் கட்டி முடித்தார். இரண்டு படுக்கையறை, மொட்டை மாடி, பின்புறம் துணி துவைக்கும் கல். பணி ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து அங்கேதான் இருப்பேன் என்பது அவர் எண்ணம். மகளின் படிப்பை முன்னிட்டு அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபோதும் அவ்வெண்ணம் மாறவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து, கும்மிடிப்பூண்டி வீடு சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டில் உள்ள ஒரு வீடாகிவிட்டது.

பூட்டிக் கிடக்கும் வீட்டைக் காப்பது எத்தனை வேலை என்பதை, அதைச் செய்யாதவர்கள் அறியமாட்டார்கள். மின்வாரிய ஊழியர் கணக்கெடுக்க வந்தால் கதவு பூட்டியிருக்கும். பேரூராட்சி அலுவலகத்தில் ஆதார் கேட்பார்கள். இங்கிலாந்திலேயே வசிக்கும் அத்தைக்கு அது கிடையாது. இணையத்தில் எதைச் செய்ய முனைந்தாலும் கடவுச்சொல் அத்தையின் எண்ணுக்குப் போகும். அங்கே அவர் வார்டில் இருப்பார், கைப்பேசி பெட்டகத்தில் இருக்கும். திருவள்ளூர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த அப்பாதான், அத்தை எழுதித் தந்த பவர் பத்திரத்தைக் கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார். அவருடைய முழங்கால் ஓய்ந்தபோது சாவிக்கொத்து என்னிடம் வந்தது. அப்போது நான் சென்னைக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் தமிழ் முதலாண்டு. ஞாயிறுதோறும் திருவள்ளூரிலிருந்து பெரியபாளையத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கவரப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு இன்னொன்று.

கதவுக்குப் பின்னால் அத்தை கைப்பட எழுதிய பட்டியல் ஒட்டியிருந்தது. சன்னல்களைத் திற. கரியைத் துடை. மோட்டார் போடு. குழாய்களைத் திற. கடைசியாக, மாடியைப் பார். கரி என்பது ஆலைகளின் புகையோடு வந்து படியும் கறுப்புத் தூள். பூட்டிய வீட்டுக்குள் அது எப்படி நுழைகிறது என்று நான் கண்டுபிடித்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் தரையில் என் சென்ற வாரக் காலடித் தடங்களின்மேல் மெல்லிய புதுப் படலம் ஒன்று இருக்கும்.

குழாய்களைத் திறப்பதற்குக் காரணம் உண்டு. குளியலறையின் தரைக்குழியில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறிவிடும். ஆனால் அத்தைக்குக் குழாய் என்பது அதற்கும் மேலே. அவர் அதைக் காதால் பார்த்தார். இரவுப் பணி முடித்து அவர் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும் நான் வீட்டைத் திறக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தன. கைப்பேசியைக் குழாயருகே பிடிக்கச் சொல்வார். முகம் தெரியும் அழைப்பை அவர் விரும்பியதில்லை. "படம் பாத்தா எல்லா ஊடும் நல்லாத்தான் தெரியும் கண்ணு. நெஞ்சில காது வெச்சாதான் சளி தெரியும்" என்பார். அவர் கணிப்பு தவறியதே இல்லை. "காத்து ரொம்ப வருது, டேங்க்குல பாதிக்குக் கீழதான் தண்ணி இருக்குது. போயிப் பாரு" என்பார், பார்த்தால் அப்படியே இருக்கும். ஒருமுறை, "பாத்ரூம் கொழா மூடினப்புறம் நாலு சொட்டு விழுதுல்ல, வாஷர் போச்சி" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே அது கேட்டிருக்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்ப்பவர். ஞாயிறு அவருக்கு விடுமுறை. நான் கைப்பேசியை ஏந்தியபடி பின்புறக் குழாயருகே நிற்பதைப் பக்கச் சந்தின் வழியே எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கொழாய்க்குப் பாட்டு டியூஷனா? நல்லா பாடுதா?" என்பார். அத்தைக்கு அது கேட்டுவிடும். அங்கிருந்தே, "அந்தப் பொண்ண உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவச் சொல்லு. ஊட்டுல மனுஷங்க பொழங்கின மாதிரி இருக்கும்" என்பார். அக்கா வருவார், ஒரு தம்ளர் குடிப்பார், "லண்டன் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டாம் ஆண்டில் அத்தையின் பணிநேரம் மாறியது. இனி அழைப்பில் கேட்க முடியாது, பதிவு செய்து அனுப்பு என்றார். அப்படித்தான் ஒலிப்பதிவுகள் தொடங்கின. என் ஆய்வேட்டு வேலையும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒரே நூலின் நான்கு ஏட்டுப் பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, எங்கே எழுதியவரின் கை பிசகியது என்று காண்பது என் பணி.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு ஆரணியாற்றில் வெள்ளம் வந்து பெரியபாளையத்தோடு பேருந்து நின்றுவிட்டது. திரும்பி வீட்டுக்கு வந்தேன். அத்தையிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வேறு யாரையாவது தேடி அலைவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, சென்ற வாரப் பதிவை எடுத்தேன். அதன் தொடக்கத்தில் மின்ரயிலின் ஊதல் கேட்டது. அதை வெட்டினேன். கடைசியில் என் இருமல் இருந்தது. அதையும் வெட்டினேன். நாற்பத்தொரு விநாடி மிஞ்சியது. அனுப்பினேன். "நல்லா இருக்குது கண்ணு" என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு வெள்ளம் வடிந்துவிட்டது. அந்த வாரம் ஆய்வேட்டின் ஓர் இயலை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதே பதிவை அனுப்பினேன். அதற்கடுத்த இரண்டு ஞாயிறுகளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட என்னிடம் இல்லை. ஒருமுறை செய்தது எளிதாக இருந்தது, அவ்வளவுதான். நான்கு முறையும் அதே பதில் வந்தது: "நல்லா இருக்குது கண்ணு."

ஐந்தாம் ஞாயிறு போனேன். "டியூஷன் டீச்சர ஒரு மாசமா ஆளயே காணோம்? கொழா பாஸாயிடுச்சா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். பெரிய படுக்கையறையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தையின்மேல், கூரைப் பூச்சு பலகை பலகையாக விழுந்து கிடந்தது. மேலே துருவேறிய கம்பிகள் தெரிந்தன. அவற்றின் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். மாடிக்கு ஓடினேன். கணுக்கால் மூழ்குமளவு தண்ணீர் தேங்கியிருந்தது. வேப்பிலையும் கரியும் குழைந்து வடிகால் துளையைக் களிமண்போல் அடைத்திருந்தன. கையைவிட்டுப் பிடுங்கினேன். ஒரு மாதத்து மழை பெரும் இரைச்சலோடு சுழன்று இறங்கியது. அத்தை பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஓசையைக் கேட்டே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். நான் அதைப் பதிவு செய்யவில்லை.

கூரை விழுந்ததை மட்டும் தொலைபேசியில் தெரிவித்தேன். "இந்த வாரம் பேய்மழை, அத்தை" என்றேன். எவ்வளவு விழுந்தது என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "மாடிப்படி வழுக்கும், பாத்து எறங்கு" என்றார்.

தை மாதம் இரண்டு வார விடுப்பில் வந்தார். மேஸ்திரி ஒருவரை வரவழைத்தோம். அவர் கோலால் கூரையைத் தட்டித் தட்டிக் கேட்டார். அத்தையும் கூடவே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே நோயாளியை இரு மருத்துவர்கள் பார்ப்பதுபோல இருந்தது. "இது ஒரு மாசத்து வேல இல்லீங்கம்மா. ரெண்டு மூணு வருஷத்து மழையாவே ஊறிக்கினு இருந்திருக்குது. இந்த மழ ஒதச்சித் தள்ளிடுச்சி. அன்னன்னிக்கே தண்ணிய தள்ளி வுட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாளு தாங்கியிருக்கும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்றும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன். 'இன்னும் கொஞ்ச நாளு' என்பது எத்தனை நாள் என்று அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

"சரி பண்ணிடலாம்ல?" என்று அப்பா கேட்டார்.

"பண்ணலாம் சார். ஆனா ஆளு இருக்கணும். காலி ஊடு தானா கெட்டுப்பூடும்."

அத்தை மெத்தையின் பிளாஸ்டிக் உறைமேல் கிடந்த சிமெண்டுத் தூளை உள்ளங்கையால் வழித்துக்கொண்டிருந்தார். "பண்ணிட்டு மறுபடியும் பூட்டிக்கினுதானே போவணும்" என்றார். மகளுக்கு இங்கே வந்து இருக்கும் எண்ணமில்லை என்பதும், அவர் பணி ஓய்வுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் உள்ளன என்பதும் எங்கள் மூவருக்குமே தெரியும். அன்று மாலை, கிரேன் ஓட்டும் ஒருவர் குடும்பத்தோடு இருக்க விலைக்கு வீடு தேடுவதாக எதிர்வீட்டு அக்கா சொன்னபோது, "வந்து பாக்கச் சொல்லு" என்றார் அத்தை. பாதியை அங்கிருந்தும் பாதியை இங்கிருந்தும் பேசிப் பேசிக் கட்டிய வீட்டை விற்கும் முடிவு அந்த மூன்று சொற்களில் முடிந்தது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவருடைய கடவுச்சீட்டை மேலும் கீழும் புரட்டினார்கள். படிவத்தில் ஒரு கட்டத்தைக் காட்டி, "மேடம் ஃபாரின் சிட்டிசனா?" என்று எழுத்தர் கேட்டார். "ஆமாம்பா" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் சாய்ந்து, "மாமாவோட சேந்து கல்லு தூக்கினவ நானு. இப்ப இன்னாடான்னா விருந்தாளி மாதிரி சேர் போட்டு உக்கார வெச்சிருக்காங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கைரேகை வைக்கும் கருவி மட்டும் அவர் விரலை இரண்டு முறை ஏற்க மறுத்தது. இத்தனை ஆண்டுகளாகக் கிருமிநாசினியில் கழுவிக் கழுவி ரேகை தேய்ந்துவிட்டதாம்.

சாவியைக் கொடுத்த அன்று கிரேன் ஓட்டுநரின் மனைவி வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். அது இருமவில்லை, நாங்கள் பத்து நாளாக அங்கே புழங்கிக்கொண்டிருந்தோம். அத்தை கூடத்தில் நின்று கடைசி முறையாகக் கேட்டார். பிறகு தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கும்மிடிப்பூண்டி நடைமேடையில் சென்னைக்குப் போகும் மின்ரயிலுக்காகக் காத்திருந்தோம். அப்பா பயணச்சீட்டு வாங்கப் போயிருந்தார். நான் அந்த நான்கு ஞாயிறுகளைப் பற்றிச் சொல்லிவிட முடிவு செய்திருந்தேன். முதல் வாக்கியத்தை மனத்துக்குள் மூன்று விதமாக அமைத்தும் பார்த்துவிட்டேன். அதற்குள் அவர், "கண்ணு, அந்தக் கொழா சத்தம் வெச்சிருக்கியே, அத இன்னொரு தபா எனக்கு அனுப்பு" என்றார்.

"எது அத்தை?"

"அதான், நாலு வாட்டி அனுப்பினியே, அது. என் பழைய போனு போனதோட எல்லாம் பூடுச்சி."

நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாலு ஞாயித்துக்கெழமையும் எதிர்ஊட்டுப் பொண்ணு ஒரே நேரத்துக்கா குக்கர் வெக்கும்? மூணாவது விசிலு பாதியிலயே நின்னுபோவுது. நாலு தபாவும் அதே பாதி."

"ஏன் அத்தை அப்பவே கேக்கல?"

அவர் கைப்பையின் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "கேட்டிருந்தா நீ உண்மைய சொல்லியிருப்ப. அப்புறம் நான் ஊட்ட யாரு கையில குடுப்பேன்? உங்கப்பனால நடக்க முடியல. உன்ன வுட்டா எனக்கு யாரு இருக்காங்க? நல்லா இருக்குதுன்னு நெனச்சிக்கினு டூட்டிக்குப் போனேன். நீ ஒருத்திதான் ஏமாத்தினன்னு நெனச்சிக்காத."

ரயில் வந்தது. ஏறும்போது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். மீஞ்சூர் தாண்டுவதற்குள் ஒலிப்பதிவை அனுப்பிவிட்டேன். எதிர் இருக்கையில் இருந்த அத்தையின் கைப்பையிலிருந்து மெல்லிய மணியோசை ஒன்று வந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. தன் நாட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். தன் நாடு என்று எந்த நாட்டை நினைத்தேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆய்வேட்டுக்காக நான்கு பிரதிகளை ஒப்பிட்டதாக எனக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள். அத்தை ஒப்பிட்டதைப்போல நான் ஒப்பிட்டிருக்கிறேனா என்று தெரியவில்லை. இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பதிவை ஓடவிடுகிறேன். காற்று இருமுகிறது, தொட்டி, வாளி, தாழ்ப்பாள், சிமெண்டுத் தரை. எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆனால் தண்ணீர் என் காதில் விழுவதில்லை. எதிர்வீட்டு அக்காவின் குக்கர் ஒருமுறை கூவுகிறது, இன்னொருமுறை கூவுகிறது. மூன்றாவது விசில் மேலெழும்பத் தொடங்கும் இடத்தில், என் விரல் வெட்டிய இடத்தில், வீடு முடிந்துபோகிறது.