சவுக்கையில் கட்டிய ரயில் பெட்டி

எங்கள் அண்ணன் மறைந்து இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னறை அலமாரியில் வரிசையாக நிற்கும் சிறிய ரயில் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, வரிசையின் தொடக்கத்தில் ஓர் இடம் காலியாக இருப்பது ஏன் என்று கேட்கிறார்கள். இந்த நினைவு மலரைப் பெறும் உறவினருக்கும் நண்பருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று அண்ணியார் விரும்பினார். நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பிழைப்பவன். கண்டதைக் கண்டபடி எழுதுவதைத் தவிர வேறு நடை எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் குழித்துறையில், ஆற்றங்கரைக்கு அருகில் பிறந்தார். தகப்பனார் மரக்கடையில் கணக்கெழுதி வந்தார். அவர் காய்ச்சலில் இறந்தபோது அண்ணன் பள்ளி மாணவர். நான் தவழும் குழந்தை. அம்மா லேஸ் பின்னி எங்களைக் காப்பாற்றினார். விளக்கெண்ணெய் செலவாகும் என்பதால் அண்ணன் கோயில் முற்றத்து விளக்கின் கீழ் படித்தார் என்று அம்மா சொல்லுவார். மிஷன் பள்ளியின் உதவியால் ஆசிரியர் பயிற்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம் போனார். அங்கேதான் முதன்முதலாக ரயிலைப் பார்த்தார்.

நம் நாஞ்சில் நாட்டில் அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. ஆகவே அங்கே போகிற நம் பிள்ளைகள் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போய் எஞ்சினை வேடிக்கை பார்ப்பது வழக்கம். அண்ணன் சரக்குப் பெட்டிகளின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். "எஞ்சின எல்லாரும் பாக்காவ. இவ்வளவு பாரத்தத் தூக்கிட்டுப் பெட்டி எப்படி நிக்குதுன்னு ஒருத்தரும் பாக்கல்ல" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் கணக்கும் சித்திரமும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. என்னைப் படிக்க வைத்தார். அக்காளைக் கட்டிக் கொடுத்தார். அம்மாவின் கடைசிக் காலம் வரை ஒரு நாளும் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டார். தமக்கென்று எதையும் கேட்டறியாதவர் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். ஒன்றைக் கேட்டார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கோட்டாற்றில் சுக்கு வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தபோது, அந்தத் தாளில் ஓர் ஆங்கில விளம்பரம் இருந்தது. சரக்கு ரயில் பெட்டி, உள்ளங்கைக்குச் சற்றே பெரியது. பலகை, சக்கரம், அச்சு, கொக்கி, திருகாணி எல்லாம் தனித்தனியாக வரும். வாங்குகிறவரே கூட்டிக் கட்டிக்கொள்ள வேண்டும். விலாசம் இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. மறுநாள் மாலையே அண்ணன் கோட்டாற்றுக் கடைகளில் விசாரிக்கத் தொடங்கினார். விளையாட்டுச் சாமான் விற்கும் சாயபு ஒருவர் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் ஒன்றை எடுத்து வைத்தார். இது வேண்டாம், துண்டு துண்டாக இருப்பது வேண்டும் என்றார் அண்ணன்.

"ஓடுத ரயிலு இருக்கும்போ ஒடஞ்ச ரயிலா கேக்கீரு? நாளைக்கு வாரும், இதையே ஒடச்சுத் தாறேன்" என்றார் அவர்.

சென்னையில் என் நண்பர் மூலம் தேடியும் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அண்ணியாரின் தம்பி ஞானமுத்து, கொழும்பில் தான் வேலை பார்த்த கடையின் கிடங்கில் அப்படியொரு பெட்டி தூசி படிந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார். விடுமுறைக்கு வரும்போது கொண்டு வருவதாகத் தெரிவித்தார். அந்த மாதம் முழுதும் அண்ணன் பேனாக்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்ததாக அண்ணியார் சொல்லுகிறார்.

கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடி, அங்கிருந்து திருநெல்வேலி, பிறகு பஸ். திருவிதாங்கூர் எல்லையில் உள்ள சுங்கச் சவுக்கையில் சாமான்களைச் சோதித்துத் தீர்வை வாங்குவார்கள். நம்மவர்கள் சவுக்கையைக் கடக்கும் விதம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீர்வை உண்டோ இல்லையோ, எதையாவது ஒளிக்காமல் தாண்டினால் நமக்கு மனம் ஆறாது. ஒருவர் சாமானைப் பஸ்ஸில் இருப்பவர்கள் பகிர்ந்து வைத்துக்கொள்வதும், அப்பால் போய்த் திருப்பிக் கொடுப்பதும் பழகிப்போன மரியாதை.

ஞானமுத்துவும் அப்படியே செய்தார். சோப்புக்கும் துணிக்கும் ஒழுங்காகத் தீர்வை கட்டினார். ரயில் பெட்டியின் பலகைகளையும் காட்டினார். சக்கரம் பூட்டிய அச்சு ஒன்றைத் தூத்துக்குடியில் வாங்கிய கருவாட்டுப் பெட்டிக்குள் புதைத்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் இன்றுவரை அவருக்கும் தெரியாது. சவுக்கைச் சிப்பாய் கருவாட்டைக் கிளறியபோது அது கையில் தட்டுப்பட்டது.

வேறு காலமாக இருந்தால் ஓர் அதட்டலோடு போயிருக்கும். ஆனால் அந்த நாட்களில் எல்லைக்கு அப்புறத்து வெள்ளைக்காரர் சீமையில் தந்திக் கம்பியை அறுக்கிறார்கள், தண்டவாளத்தைத் தளர்த்துகிறார்கள் என்று பேச்சு பரவியிருந்தது. சவுக்கையில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரையும் உட்கார வைத்திருந்தார்கள்.

சாமான் யாருக்கு என்று ஞானமுத்து சொல்லியிருந்ததால், பிற்பகலில் பள்ளிக்கு ஒரு போலீஸ்காரர் வந்து அண்ணனை அழைத்தார். செய்தி கேட்டு நானும் உடன் போனேன். சவுக்கை வாசலில் பஸ் நின்றது. பயணிகளை இறக்கி மரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே ஞானமுத்து சுவரோரம் நின்றார். மேசையில் பலகைத் துண்டுகள், பித்தளைக் கொக்கிகள், சுருள் கம்பிகள், சிறு சங்கிலி, அம்புக்குறிகள் போட்ட வரைபடம் ஒன்று, கருவாட்டு வாடையடிக்கும் அச்சு. இன்ஸ்பெக்டர் வரைபடத்தைத் தட்டினார்.

"குண்டு வைக்கதுக்கா? இது எந்தப் பாலத்துக்க அடி?"

"பாலம் இல்ல சார். ரயில் பெட்டிக்க அடி" என்றார் அண்ணன்.

"உமக்க ஊருல ரயில் உண்டா?"

"இல்ல."

"ரயில் இல்லாத ஊருக்கு ரயில் பெட்டி எதுக்கு?"

"கடல் இல்லாத ஊர்லயும் பிள்ளைக கடுதாசிக் கப்பல் விடல்லியா சார்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "கப்பல் விடுத பிள்ளைக அதைக் கருவாட்டுக்குள்ள ஒளிக்காது வாத்தியாரே" என்றார். 

அவர் குரலைத் தணித்தார். "நீரு மாசச் சம்பளக்காரரு. ஒளிச்சது உமக்குத் தெரியாதுன்னு எழுதித் தந்துட்டுப் போவும். இவன் இஞ்ச கெடக்கட்டு."

அது உண்மையும்கூட. அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. போலீஸ் வழக்கு என்று வந்தால் வேலை போய்விடும் என்பதும், அந்தச் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிடுகிறோம் என்பதும் அண்ணனுக்குத் தெரியும். ஞானமுத்து தலை நிமிரவில்லை.

"பெட்டி எனக்கதாக்கும் சார். அவன் சுமந்தவன்" என்றார் அண்ணன். "நான் இப்பவே கெட்டிக் காட்டுதேன். ரயில் பெட்டியா வரல்லேன்னா ரெண்டு பேரையும் வச்சுக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "கெட்டும்."

அண்ணன் அதுவரை ஒரு பெட்டிகூடக் கட்டியதில்லை என்பது அந்த அறையில் எனக்கும் ஞானமுத்துவுக்கும் மட்டுமே தெரியும்.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அடிப்பலகையை எடுத்தார். பக்கப் பலகைகளை அதன் வெட்டில் பொருத்தினார். சிறு ஆணிகளை அடிக்கச் சுத்தியல் இல்லை. சவுக்கைத் தராசின் எடைக்கல்லைக் கேட்டு வாங்கினார். மூன்றாவது ஆணி வளைந்தது. பிடுங்கி நிமிர்த்தி மறுபடி அடித்தார். திருகாணிகள் எள்ளைவிடச் சற்றே பெரியவை. பேனாக்கத்தியின் முனையால் திருகினார். ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தபோது சிப்பாயும் நானும் சேர்ந்து தேடினோம். அண்ணனின் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. 

பெட்டி உருவாகி வந்தது. அடியில் அச்சுத் தாங்கிகள் ஏறின. கருவாட்டிலிருந்து கிடைத்த அச்சைப் பூட்டினார். பிறகு மேசை முழுதும் கையால் தடவினார். இரண்டாவது அச்சு இல்லை.

"அடுத்தது எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சிப்பாய் கருவாட்டை மறுபடி கொட்டிப் பார்த்தார். இல்லை. "வேற ஆளுக்குக் கைமாறியாச்சு, அப்படித்தானே?" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். ஞானமுத்துவின் பார்வை ஒரு கணம் வாசலுக்கு வெளியே போய்த் திரும்பியது. அண்ணன் அதைக் கண்டார், நானும் கண்டேன். அண்ணன் கேட்கவில்லை. கேட்டால் இன்னொருவரும் அந்தச் சுவரோரம் வந்து நிற்க வேண்டும். பாதிப் பெட்டியை மேசையில் வைத்தார். ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"ரெண்டு பேரையும் உள்ள கொண்டு போ."

சிப்பாய் அண்ணனின் தோளில் கை வைத்தபோது மரத்தடியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "ஏலே கொழும்புக்காரா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

வெற்றிலைக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடுவயது அம்மாள் ஒருவர் உள்ளே வந்தார். கூடையை இறக்கி வைத்துக் கொண்டையை அவிழ்த்தார். சக்கரங்களோடு அச்சு மேசையில் விழுந்தது.

"இந்தாங்க. குண்டு குண்டுங்கீங்க. மத்தியானத்துல இருந்து எனக்க தலையிலதான் இருக்கு, வெடிக்கல்ல."

முதலில் சிரித்தவர் சிப்பாய். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நீ இவனுக்கு யாரு?"

"ஒருத்தியும் இல்ல. கோட்டாறுல வெத்தில விக்குதவ. கொஞ்சம் வச்சுக்கிடுங்க அக்கான்னான், வச்சேன். பஸ்ஸுல ஏறினா வைக்கதுதானே ஐயா. உங்க வீட்டுல உள்ளவ வைக்கல்லியா?"

அச்சில் தேங்காயெண்ணெய் பிசுபிசுத்தது. அண்ணன் அதைத் துடைக்காமல் அப்படியே பூட்டினார். சிப்பாய் கேளாமலே தம் பிரம்பையும் இன்னொருவர் பிரம்பையும் மேசையில் இணையாக வைத்தார்; அண்ணன் விரலால் அளந்து இடைவெளியைச் சரி செய்தார். பெட்டியை அவற்றின்மேல் ஏற்றிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தள்ளவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரு விரலால் தள்ளினார். பெட்டி சத்தமில்லாமல் ஓடி மறுமுனைக்குப் போயிற்று. அங்கிருந்து சிப்பாய் திருப்பி அனுப்பினார். இன்ஸ்பெக்டர் மறுபடி தள்ளினார். பலமுறை போய் வந்தது. 

"போங்க, எல்லாரும் போங்க" என்றார் கடைசியில். "பெட்டி இஞ்ச இருக்கும். ஒளிச்ச சாமான் சர்க்காருக்கு."

அண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "அச்சுக்கு அப்பப்போ எண்ணெய் விடணும் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் ஞானமுத்து துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஒளிக்காம இருந்திருந்தா பெட்டி கையில இருந்திருக்கும் அத்தான்" என்றார்.

"ஒளிக்காம இருந்தா நீ நம்ம ஊருக்காரனே இல்ல மாப்பிள" என்றார் அண்ணன். முன் இருக்கையில் வெற்றிலைக்கார அம்மாள் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் பெயரைக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் ஞானமுத்து கொழும்புக்கு வரும் சரக்கில் தேடித்தேடி வேறு பெட்டிகள் கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் அண்ணனே சவுக்கைக்குப் போய், சக்கரங்களை மேலே வைத்துத் திறந்து காட்டி, தீர்வை கட்டி வாங்கி வந்தார். "வாத்தியாரே, இந்தத் தடவ கொண்டையில ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பாராம் அந்தச் சிப்பாய். கட்டி முடித்த பெட்டிகள் அலமாரியில் ஏறின. முதல் இடத்தில் மட்டும் அண்ணன் எதையும் வைக்கவில்லை.

நெஞ்சு நோய் கண்டபின் படியேற முடியாமல் வேலையை விட்டார். படுக்கையில் இருந்தபோது ஞானமுத்துவிடம் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: ஆட்கள் ஏறும் பெட்டி, எட்டுச் சக்கரம். இதுவரை கட்டியவை எல்லாம் சரக்குப் பெட்டிகள். அது கிடைக்கும் முன்பே, அண்ணியாரின் கையைப் பிடித்தபடி ஒரு காலையில் அமைதியாகக் கண்மூடினார்.

நோயில் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், இரவுகளில் மாறிமாறி விழித்திருந்த அண்டை வீட்டாருக்கும், அடக்க ஆராதனையில் பாடிய சபையாருக்கும், தோள் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், அண்ணியாரும் பிள்ளைகளும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம். பெயர் தெரியாத அந்த வெற்றிலைக்கார அம்மாளுக்கும் நன்றி சொல்லுகிறோம். இம்மலர் அவர் அறிந்தவர் யார் கையிலேனும் சேர்ந்தால், அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

ஞானமுத்து நேற்று கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். சவுக்கையில் அதே சிப்பாய், நரைத்துவிட்டார். பெட்டியைத் திறந்ததும் மேலேயே எட்டுச் சக்கரங்கள் இருந்தன.

"வாத்தியாரு வரல்லியா?" என்று கேட்டாராம்.

"அத்தான் போயி ஒரு வருசம் ஆவுது."

சிப்பாய் ஒரு சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டாராம். "பொறவு இதை யாரு கெட்டுவா?"

 சிப்பாய் மூடியை வைத்துத் தாமே கயிற்றால் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். "பாதியில விடாண்டாம். கெட்டி முடிங்க."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அனைவரும் வீட்டுக்கு வர வேண்டும். முன்னறையில் அந்தப் பெட்டியைக் கட்ட மேசை போட்டிருக்கும். ஞானமுத்துவுக்கும் எனக்கும் இந்த வேலை தெரியாது. அண்ணனுக்கும் அன்று தெரியாது. சக்கரங்கள் எட்டும் மேசைமேல் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும்.