மடித்த மூலை

கட்டுகஸ்தோட்டையில் ஹலீம் ஹாஜியாரின் கடைக்கு மேல்மாடியில் சித்தி றலியா என்ற டீச்சர் பதினொரு வருடமாக ஆங்கில வகுப்பு நடத்துகிறார். மாடிக்கு வாடகை இல்லை. அதற்கு ஈடாக, வருடாந்தப் போட்டியில் ஹாஜியார் வீட்டுப் பிள்ளைதான் முதலாவதாக வரும்; எப்படி என்று ஹாஜியார் கேட்டதில்லை.

பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து, அதிலுள்ள ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் சொல்லி, ஒரு வசனம் அமைக்க வேண்டும். வென்றால் அடுத்த வருடம் முழுக்க இலவச வகுப்பு. ஆறு வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு வந்தவள் என்று டீச்சர் என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்.

போட்டியன்று காலை என் கண்முன்னேயே ஒரு துண்டின் மூலையை மடித்து டின்னில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மடித்தது ஹாஜியாரின் பேரன் ரிஸ்மிக்கு. சொல், க்ரூக்கட். கோணல் என்று பொருள். கம்பு, பல், பாதை எல்லாம் க்ரூக்கட்டாக இருக்கலாம் என்று மூன்று கிழமையாக அவனுக்கு ஓதியிருந்தார். நேர்மையில்லாத ஆளையும் அப்படிச் சொல்வார்களே என்றேன்.

"அது இந்தப் புள்ளைகளுக்குத் தேவல்ல மகள்," என்றார்.

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

போட்டி தொடங்கும்போது ஹாஜியார் மேடைக்கு வந்து டின்னை வாங்கினார். "நானே குலுக்குறேன். பொறகு ஒத்தரும் ஒண்டும் சொல்ல ஏலா." நன்றாகவே குலுக்கினார். டீச்சரின் முகம் வெளிறிப்போனது.

ரிஸ்மி பழக்கியபடி மேலே கிடந்ததை எடுத்தான். அதில் ரிவர் என்ற சொல் இருந்தது. அவன் அதைப் பார்க்கவேயில்லை. கோணல் என்று பொருள் சொல்லி, கிழவர் கோணல் கம்போடு நடந்தார் என்ற வசனத்தையும் ஒப்பித்தான். சபை கைதட்டியது.

மடித்த துண்டு ஷஹ்மா என்ற மாணவியிடம் போனது. அவளுடைய உம்மா குண்டசாலையில் தையல் வேலைக்குப் போகிறவர். அவள் துண்டை இரண்டு தரம் வாசித்தாள். மண் சரிந்த பிறகு எங்கள் வீட்டுக் கதவு நிலை கோணலாகிவிட்டது, உம்மா செருப்பைச் செருகித்தான் கதவை மூடுகிறா என்று திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னாள்.

புள்ளித் தாளில் பத்துக்கு ஷஹ்மாவுக்கு ஒன்பது, ரிஸ்மிக்கு ஒன்று போட்டு, கையெழுத்து வைத்து டீச்சரிடம் கொடுத்தேன். அவர் தாளோடு திரும்பி வந்தார், கையில் அழிறப்பர். இலக்கங்களைப் பென்சிலால் எழுதச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கையெழுத்துக்கு மட்டும் பேனை தந்திருந்தார்.

"நீங்க போயிருவீங்க மகள். நான் நாளைக்கும் இந்தப் படி ஏறணும்."

அழித்தார், மாற்றி எழுதினார். நான் தடுக்கவில்லை. ரிஸ்மியின் பெயரை அவர் வாசித்தபோது குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. வெற்றி பெற்றவருக்குக் கைதட்ட வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்ததால், ஷஹ்மாவும் தட்டினாள்.

பிறகு துண்டுகளைப் பொறுக்கி டின்னில் போட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மடித்த மூலையை நிமிர்த்தவில்லை. அடுத்த வருடம் ரிஸ்மியின் தங்கை வருகிறாள்.