தபேலா மைக்கில் இருந்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. நின்றால்தான் என்னவோ நடந்துவிட்டது போல மனசு பதறும். தெருக்கோடி மண்டபத்தில் தறி முதலாளி ஒருவரின் வீட்டுத் திருமண வரவேற்பு. அதற்காக எல்லாத் தறிக்கும் லீவு. கச்சேரி எங்கள் மெல்லிசைக் குழுவுடையது. பாடுவது என் மனைவி, மிக்ஸருக்குப் பின்னால் உட்காருவது நான். "நல்லதாப் போச்சு, ரிக்கார்டிங்ல தறிச் சத்தம் விழாது" என்று அவள் சந்தோஷப்பட்டாள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவேயில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். தைராய்டில் கட்டி. மதுரையில் டாக்டர் விவரம் சொன்னபோது நான் அறையில் இல்லை, ஸ்கேன் படம் வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கைப்பைக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்குக் குரல் கம்மியா இருக்குமாம். பொறவு சரியாயிருமாம்."

தேடியது கிடைக்காமலே பையை மூடினாள். பஸ் ராஜபாளையம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக் கச்சேரிய முழுசா ரிக்கார்டு பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல, ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா. ஒரு எடத்துலயும் அறுபடக் கூடாது."

சரியாகிவிடும் என்றால் எதற்கு இத்தனை அவசரம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பாட்டைத் துண்டு துண்டாகப் பதிவது எனக்குப் பழக்கம்தான். கச்சேரி முழுவதையும் ஒரே மூச்சில் லேப்டாப்பில் பதிவது வேறு சமாச்சாரம். அந்தச் சனியன் எப்போது உறைந்து நிற்கும், எப்போது அப்டேட் கேட்கும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. இன்டர்நெட்டைத் துண்டித்தேன், பதிவுக்கான மென்பொருளைத் தவிர எல்லாவற்றையும் மூடினேன், மின்சாரம் போனாலும் தாங்கட்டும் என்று லேப்டாப்பையும் மிக்ஸரையும் யூபிஎஸ்ஸில் மாட்டினேன். அவள் மேடையேறும் முன் என் அருகே வந்தாள்.

"நீங்க என்னையப் பாக்காதிய. கம்ப்யூட்டர மட்டும் பாருங்க."

"சரிட்டி, நீ போய்ப் பாட்டப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

பதிவு தொடங்கியது. திரையில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வரி, எல்லாவற்றுக்கும் மேலே அவள் குரலின் வரி. அவள் பாடும்போது அந்த வரி குன்று குன்றாக எழும். பாட்டு முடிந்ததும் ஒரே நேர்கோடு. காரணம் அவளுடைய பழக்கம். பல வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில், "மாப்பிள்ள ஒறங்கி விழுதாரு அண்ணாச்சி" என்று தபேலாக்காரரிடம் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டு, பெண் வீட்டார் சிரிக்க மாப்பிள்ளை வீட்டார் முறைக்க, பெரிய ரசாபாசமாகிவிட்டது. அன்றிலிருந்து பாட்டு முடிந்த நொடியே கட்டைவிரல் மைக்கின் ஸ்விட்சை அணைத்துவிடும். அதன் பிறகுதான் தபேலா அண்ணாச்சி பக்கம் குனிந்து வம்பளப்பாள்.

அன்றைக்கு அந்த நேர்கோடுகளிலிருந்து கண்ணை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. கோடு நீளும். மறுபடி எழுமா என்று பார்ப்பேன். எழும். மூச்சு விடுவேன்.

பாதிக் கச்சேரியில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று இறங்கிய சத்தம் எல்லா வரியிலும் ஏறியது. பிறகு ஒரு இடி. விளக்கெல்லாம் போனது, ஸ்பீக்கர் செத்தது, கீபோர்டும் ஊமையானது. அவள் நிறுத்தவில்லை. தபேலாவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, வெறும் தொண்டையில் அந்தப் பாட்டைத் தொடர்ந்தாள். ஜனங்கள் செல்போன் வெளிச்சத்தை அவள் முகத்தில் பிடித்தார்களாம். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது எனக்குக் காதால் தெரிந்தது. நான் நிமிரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையையே பார்த்தேன். யூபிஎஸ் கீங் கீங் என்று கத்தியது. குரல் வரி மட்டும் எழுந்துகொண்டே இருந்தது. ஜெனரேட்டர் ஓடி விளக்கு வந்தபோது கைதட்டல் கூரை மழையையும் அமுக்கியது.

ஒரு இடத்திலும் அறுபடாமல் முடிந்தது. "வந்துட்டா?" என்று அவள் கேட்டாள். "முழுசா வந்துட்டு" என்றேன். தபேலா அண்ணாச்சி மட்டும் காபி குடிக்காமல், என் முகத்தையும் பார்க்காமல், உறையை மாட்டிக்கொண்டு மழையிலேயே போய்விட்டார். அப்படி என்ன தலைக்கனம் என்று அவர் மேல் கோபம் வந்தது.

ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்தாள். குரல் விழிக்கவில்லை. கட்டி குரல் நரம்பைச் சுற்றியிருந்தது, உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். இப்போது அவள் பேசினால் காற்று வருகிறது, காற்றுக்குள் வார்த்தை இருக்கிறது. எனக்குப் புரியும். மற்றவர்களுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும்.

பதிவைத் திறக்க எனக்கு மாசக்கணக்கில் மனசு வரவில்லை. போன வாரம் அவளே லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவள் அடுப்படிக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தேவையில்லாத இரைச்சலை ஒவ்வொரு வரியாக வெட்டி எறிவது எங்கள் வேலையின் முறை. குரல் வரியில் வெட்ட ஒன்றுமில்லை, வெறும் கோடு. தபேலா வரிக்கு வந்தேன். முதல் இடைவெளியைத் தேர்ந்து, வெட்டும் முன் வழக்கம்போல அதை மட்டும் தனியாக ஓடவிட்டேன்.

தபேலா மைக்குக்கு ஸ்விட்ச் கிடையாது. அவள் எப்போதும் குனிவது அந்தப் பக்கம்தான்.

தூரத்தில், ஆனால் தெளிவாக, அவளுடைய பழைய குரல்:

"அண்ணாச்சி, எனக்காவ மெதுவா வாசிக்காதிய. ஆபரேஷனுக்குப் பொறவு கொரல் வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவியளுக்குத் தெரியாது. சொல்லிராதிய. தெரிஞ்சா கம்ப்யூட்டரப் பாக்க மாட்டாவ, என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்பாவ."

பிறகு அண்ணாச்சி தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு அடுத்த பாட்டு.

அன்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அவள் பாடியதைப் பார்த்தார்கள். நான் ஒருவன்தான் பார்க்கவில்லை.

எதையும் வெட்டாமல் மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன். "என்ன?" என்று காற்றாகக் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள்.