கிழக்குப் பார்த்த மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ட்ரெயிலர் மாதிரிச் சில்லு வைத்த பெட்டி கொளுவிக்கொண்டு போகிறவனுக்கு மூளை கழன்றுவிட்டது என்பது என் மச்சானின் முடிவு. என் மனைவியின் தம்பி அவன். எங்களுக்கு முன்னமே ஒக்லாந்துக்கு வந்து, பக்குரங்காவில் டெய்ரி என்கிற மூலைக் கடை ஒன்றை எடுத்து, பாலும் பாணும் விற்று நிமிர்ந்தவன். நான் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கடையைப் பூட்டிய கையோடு வந்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மூடியைத் தூக்கினான். தட்டிப் பார்த்தான்.

"என்ன அத்தான், சவப்பெட்டியையும் கையோடை கொண்டு திரியப் போறியளோ?"

"ஓமடா. நீ முந்திக்கொண்டால் உனக்குத்தான் முதல் சவாரி."

"ரெண்டு பேரும் வாயைக் கழுவுங்கோ! விளக்கு வைக்கிற நேரத்திலை கதைக்கிற கதையைப் பார்," என்று குசினிக்குள் இருந்து மனைவி சத்தம் போட்டாள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் நான் நில அளவையாளன். காணிக்குக் காணி சங்கிலி பிடித்து, எல்லைக்கல் நட்டு, வரைபடம் கீறிக் கையெழுத்து வைத்தவன். இங்கே வந்த பிறகு கோழித் தொழிற்சாலையில் குளிர் அறைக்குள் நின்று இறக்கை வெட்டினேன். வருடக்கணக்காக அதே வேலை. இரவு படுத்தாலும் விரல்களில் குளிர் விடாது. வேலைக்கு மனுப் போடாத கந்தோர் இல்லை. எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: நியூசிலாந்து அனுபவம் உண்டா? கோழி வெட்டிய அனுபவம் உண்டு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வரும்.

ஒரேயொரு முறை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். டை கட்டிக்கொண்டு படலை வரைக்கும் போனபோது, "இஞ்சாருங்கோ, குடை!" என்று மனைவி பின்னால் ஓடி வந்தாள். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனேன். வேலை கிடைக்கவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது, "உம்மடை குடையாலைதான் எல்லாம்," என்று பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பயணம் வெளிக்கிட்டவனைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் இரத்தத்தில் ஊறியது. சோற்றைப் பிசைந்தபடி இருந்தவள், "இனி ஒருநாளும் கூப்பிட மாட்டன், சத்தியமாய்," என்றாள். நான் வேறு கதைக்குப் போய்விட்டேன்.

பிறகுதான் தெற்கே ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற ஹமில்டனில் ஒரு சிறிய அளவைக் கந்தோர் என்னை எடுத்தது. ஒரு வயதான வெள்ளைக்காரர். என் பழைய வரைபடங்களை மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கையெழுத்து உன்னுடையதா என்று கேட்டார். ஓம் என்றேன். இன்னும் ஐந்து கிழமையில், திங்கட்கிழமை வா என்றார். திரும்பி வரும் வழியில் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். கண்ணாடி பனிப்புகார் பிடித்து வழி தெரியாமல் ஓரமாக நிறுத்த வேண்டியதாய்ப் போயிற்று.

நான் முன்னுக்குப் போய் ஒரு அறை எடுப்பது, மனைவி தன் வேலையை முடித்துக்கொண்டு பிறகு ஒரு மாதத்தில் வருவது என்று பேச்சு. சட்டி பானை, அரிசி, படுக்கை, புத்தகங்கள், செங்குத்துப் பார்க்கிற என்னுடைய பித்தளைத் தூக்குக்குண்டு எல்லாம் கொண்டுபோக வேண்டும். ஊரில் எனக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும்தான். அதை இங்கே மாற்றித் தந்தார்கள். கார்ச் சோதனையில் என்னை ஓடவிட்டுப் பார்த்தவன் பெயிலாக்கிவிட்டான். அவனிடம் திரும்பப் போக எனக்கு ரோஷம். ஆகவே என்னிடம் இருந்தது பழைய ஜப்பான் டூரிங் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். எருமை மாதிரி உடம்பு, இரண்டு பக்கமும் சின்னச் சாமான் பெட்டி, நாள் முழுக்க ஓடினாலும் முதுகு நோகாத சீற்.

மச்சான் கடைக்குச் சாமான் ஏற்றுகிற தன் வானில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான்.

"ஞாயிறு கடை பூட்டினாப் பிறகு போவம் அத்தான். எனக்கும் ஒரு ஓட்டம்."

"ஞாயிறு பின்னேரம் ராகுகாலமடா."

"இந்த நாட்டுச் சூரியன் வடக்காலை போகுது. ராகு எங்காலை போகுதெண்டு ஆருக்குத் தெரியும்?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உந்த அளவை வேலை எவ்வளவு நாளைக்கு, பேசாமல் கடையில் வந்து கல்லாவில் இருங்கோ என்று பழைய பாட்டைத் தொடங்கினான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உன்ரை வானும் வேண்டாம், உன்ரை கல்லாவும் வேண்டாம் என்று எழும்பிவிட்டேன். அடுத்த கிழமை இரும்பு ஒட்டுகிற ஒரு பட்டறையில் மோட்டார் சைக்கிளையும் பழசாய் வாங்கிய பெட்டி ஒன்றையும் விட்டேன்.

பட்டறைக்காரன் சட்டகத்தில் இருந்து ஒரு இரும்பை வளைத்து, நம்பர் தகட்டுக்குக் கீழே உருண்டைக் குண்டு ஒன்றைப் பொருத்தினான். பெட்டியில் இருந்து முன்னே நீண்ட இரும்பு முன்காலின் நுனியில் ஒரு கிண்ணம். குண்டின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து நெம்பை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். வளைவில் வண்டி சரியும்போது பெட்டியும் சேர்ந்து கவிழாமல் இருக்க முன்காலில் ஒரு சுழலும் மூட்டு இருந்தது. நெம்பு குலுக்கத்தில் எழும்பாமல் இருக்க அதன் துளைக்குள் ஒரு ஆணி போட வேண்டும். ஊர் வண்டில் ஞாபகத்தில் நான் அதைக் கடையாணி என்று சொல்லத் தொடங்கி, மனைவிக்கும் அதுவே பெயராகிவிட்டது. எல்லாம் மீறிக் கழன்றால் பிடிக்க ஒரு சங்கிலி. பாரத்தின் பெரும்பங்கு பெட்டியின் சில்லுகளுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் கூடினால் வால் ஆட்டும் என்றான். கடைசியாக ஆணியைப் போடு, போட்டபின் ஒருமுறை தொட்டுப் பார் என்றும் சொன்னான்.

ஞாயிறு காலையில் பக்கத்துக் கடைத்தொகுதியின் கார் பார்க் வெறுமையாய்க் கிடக்கும். அங்கே கொண்டுபோய்ப் பழகினேன். பிறேக் பிடித்தால் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். மனைவி குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நான் ஆணியைத் தொட, அவளும் குனிந்து பார்ப்பாள். "கடையாணி சரியோ?" "சரி." எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அந்த நாட்களில் அவள் பாட்டு முணுமுணுத்தபடிதான் சமைத்தாள்.

சனிக்கிழமை புறப்பட நாள் பார்த்தோம். ஒன்பது மணிக்கு ராகுகாலம், அதற்கு முன்னால் றோட்டில் ஏற வேண்டும். முதல் நாள் மாலையே பெட்டியை நிரப்பிக் கொளுவி, ஆணியும் போட்டு வைத்தாயிற்று. விடிய எழும்பிப் பார்த்தால் மனைவி தட்டத்தில் பூ, தேசிக்காய், கற்பூரம், குங்குமம் எல்லாம் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மேற்கை பாத்தெல்லோ நிக்குது."

"றோட்டு மேற்கை கிடக்குது. நான் என்ன செய்ய?"

"மேற்கை பாத்துக் கற்பூரம் கொளுத்துறதே? நல்ல காரியத்துக்குப் போறியள். கிழக்கை திருப்புங்கோ."

இரண்டு மதிலுக்கு நடுவே ஒடுங்கிய பாதை. பெட்டியோடு வண்டியைத் திருப்ப வழியே இல்லை. சரி, அவளுடைய ஆசை, எனக்கும் மனதுக்குள் அப்படித்தான். ஆணியை உருவி, சங்கிலியைக் கழற்றி, பெட்டியை ஓரமாக்கினேன். இருவருமாக அந்த எருமையை முன்னும் பின்னும் தள்ளி, மூச்சு வாங்கக் கிழக்கே திருப்பினோம். திருநீறு வாங்கக் கை நீட்டியபோதுதான் ஆணி கையில் இருப்பது தெரிந்தது. தட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். அவள் லைற்றுக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தாள், பெட்டிக்கும் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். வண்டிச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து உருட்டி நசித்தேன். மறுபடி மேற்கே திருப்பியபோது மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"கெதியாய், கெதியாய்! ராகு வரப் போகுது."

கிண்ணத்தைக் குண்டில் கவிழ்த்தேன். நெம்பை அழுத்தினேன், டக்கென்று சத்தம் கேட்டது. சங்கிலியைக் கொளுவினேன், லைற் வயரைச் செருகினேன். "போட்டு வாறன்," என்றேன். "போட்டு வாங்கோ," என்றாள், கண் கலங்கியிருந்தது. றோட்டில் ஏறித் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் அவளைக் கண்டேன். தட்டத்தோடு படலை வரைக்கும் ஓடி வந்து, திடீரென்று நின்று, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் பாவம் என்று நினைத்துக் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனேன்.

மோட்டர்வேயில் நல்ல வெயில். பின்னால் பாரம் இருப்பதே தெரியாமல் வண்டி இழுத்தது. திங்கட்கிழமை எந்தச் சேர்ட் போடுவது என்று யோசித்துக்கொண்டு போனேன். தகனினிப் பக்கம் வந்தபோது றோட்டில் ஒரு சின்னத் திட்டி. வண்டி ஏறி இறங்கியது. பின்னால் இரும்பு அடிபடும் சத்தம். ஒரு கணம் வண்டி இலேசாகி முன்னே பாய்ந்தது, அடுத்த கணம் யாரோ வாலைப் பிடித்து இழுத்தது போல ஒரு வெட்டு. குண்டிலிருந்து கழன்ற பெட்டி சங்கிலியில் தொங்கிக்கொண்டு, முன்காலால் தாரைக் கிழித்துப் பக்கவாட்டில் அடித்தது. பிறேக்கைத் தொட்டேனோ இல்லையோ தெரியாது. நான் கீழே கிடந்தேன். என் வலது காலின் மேல் வண்டி கிடந்தது.

பெட்டி வாய் பிளந்து கிடந்தது. மூன்று வழியிலும் அரிசி. லொறிகள் ஹோர்ன் அடித்து நின்றன. யாரோ என் தலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அசையாதே அசையாதே என்றார்கள். என் தூக்குக்குண்டு உருண்டு போனதை நான் பார்த்தேன். அதை எடுத்துத் தாருங்கள் என்று தமிழில் கத்தினேனாம். ஒக்லாந்தின் எல்லையைக்கூட நான் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குள் இரும்பு வைத்தார்கள். கண் விழித்தபோது மச்சான் சுவரைப் பார்த்தபடி நின்றான். மனைவி கட்டில் ஓரத்தில் இருந்தாள். தலை வாரி இழுக்கவில்லை, செருப்பும் சோடி மாறிக் கிடந்தது. மூடியிருந்த கையை என் முன்னால் விரித்தாள். கடையாணி. குங்குமம் ஒட்டிக் காய்ந்திருந்தது.

"நான் கண்டனான்," என்றாள்.

"என்னத்தை?" என்றேன்.

"தட்டத்தைத் தூக்கேக்கை பூவுக்குள்ளை கிடந்தது. நீங்கள் அப்பதான் றோட்டிலை ஏறுறியள்."

"கண்டனீர் எண்டால் ஏன் கூப்பிடேல்லை?"

"பயணம் வெளிக்கிட்டவரைப் பின்னாலை கூப்பிடுறதே? அண்டைக்குக் குடையைக் கொண்டு வந்து கூப்பிட்டுத்தானே அந்த வேலை போனது. இதுவும் போனால்…" ஆணியை இறுக மூடிக்கொண்டாள். "வாய் வரைக்கும் வந்தது. பொத்திப் பிடிச்சனான். சங்கிலி இருக்குத்தானே எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு முன்னாலை வைச்சனான். விளக்கு அணையாமல் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தனான்."

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லி என்ன. அந்த ஆணியை வாங்கி எறிய வேண்டும் போல இருந்தது. ஒரு சத்தம், ஒரேயொரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஏசுவதற்கு வாயெடுத்தேன். பகிடியாய்ச் சொன்ன அந்தக் குடைப் பேச்சு தொண்டைக்குள் வந்து நின்றது. மச்சான் திரும்பி, "அத்தான், இப்ப ஒண்டும் கதையாதையுங்கோ," என்றான். அவனுடைய கண்ணும் சிவந்திருந்தது. வானைப் பற்றி அவன் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொன்னதில்லை.

ஹமில்டன் கிழவர் நல்ல மனுசன். தொலைபேசியில் விசாரித்தார், கொஞ்ச நாள் பார்த்தார். முழங்கால் இனி மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மேட்டிலும் பள்ளத்திலும் அளவைச் சங்கிலியோடு ஏறி இறங்க முடியாதவன் எப்படிக் காணி அளப்பது? வேறு ஆளை எடுத்துவிட்டதாக அவர் சொன்னபோது, நன்றி என்றேன். வேறென்ன சொல்ல? குளிர் அறையில் நிற்கவும் இந்தக் கால் உதவாது. கடைசியில் மச்சானின் கடைக் கல்லாவில்தான் போய் இருந்தேன். முதல் நாள் அவனே ஒரு மெத்தை வாங்கிக் கதிரையில் போட்டு வைத்திருந்தான். அதைக் கண்டபோது கோழிக் குளிரே மேல் என்று இருந்தது.

மோட்டார் சைக்கிளைப் பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். சாமிப் படத்துக்கு முன்னால் மனைவி அதன்பிறகும் பூ வைத்தாள், விளக்கு வைத்தாள், ஆனால் நாள் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

இப்போது அவள் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு காலையும் நான் கைத்தடியோடு படலையைத் தாண்டினால் போதும், "இஞ்சாருங்கோ, நில்லுங்கோ!" என்று தெரு முழுக்கக் கேட்கும். நான் நிற்பேன். மூச்சு வாங்க ஓடி வருவாள், என்னைச் சுற்றி ஒரு முறை நடப்பாள், சப்பாத்து நாடாவைப் பார்ப்பாள், கோட் பொத்தானைத் தொட்டுப் பார்ப்பாள், முதுகுப்பக்கம் போய்க் குனிந்தும் பார்ப்பாள். அங்கே ஒன்றும் கொளுவியிருப்பதில்லை. மச்சானின் மூலைக் கடைக்குத்தான் போகிறேன் என்று நான் அவளுக்குச் சொல்வதில்லை. அவள் பார்த்து முடிக்கும் வரைக்கும் நிற்பேன்.

"சரியோ?" என்று கேட்பேன்.

"சரி," என்பாள். "போட்டு வாங்கோ."